கணக்கு சார் காமெடியனான கதை!

கணக்கு வாத்தியாருக்கும் சிரிப்புக்கும் என்ன சம்பந்தம்? எனக்குத் தெரிந்து ஒன்றுமே கிடையாது. எனக்குக் கணக்கு எடுத்தவர் வருஷத்துக்கு ஒரே ஒரு தடவைதான் சிரிப்பார். அது பரீட்சைப் பேப்பர் கொடுக்கிற அன்றைக்கு. அந்தச் சிரிப்பைப் பார்த்து வகுப்பில் வேறு யாரும் சிரித்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

அதனால்தான், இங்கிலாந்தில் ஒரு கணக்கு சார், அதுவும் நம்ம ஆள், தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை, சாக்பீஸை வைத்துவிட்டு மைக்கைப் பிடித்து, ஊரையே சிரிக்க வைத்து, பாஃப்டா விருது வரைக்கும் போய்விட்டார் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பேர் ரொமேஷ் ரங்கநாதன். 'ரமேஷ்'தானே சார், அச்சுப்பிழையா என்று கேட்காதீர்கள். ரொமேஷ்தான். அதற்கு முன்னால் ஜோனதன் என்று ஒரு பெயரும் உண்டு. ஜோனதன் ரொமேஷ் ரங்கநாதன்! வெள்ளைக்காரர் வாயில் சுலபமாக நுழைகிற பெயரை முதலில் வைத்துவிட்டு, வீட்டில் நுழையாத பெயரால் கூப்பிட்டிருக்கிறார்கள். நம் ஜனங்கள் எங்கே போனாலும் நம் ஜனங்கள்தான்.

முதலில் இந்த 'ஸ்டாண்ட்-அப்' விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். இப்போது சென்னையிலும் பையன்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு அலைவதால் உங்களுக்குப் புதிதல்ல. ஆனாலும் அதிலுள்ள கஷ்டம் பார்க்கிறவர்களுக்குப் புரிவதில்லை. நம் சினிமா காமெடியில் கவுண்டமணி அடிக்க ஒரு செந்தில் உண்டு. சபா நாடகத்தில் ஜோக் ஊத்திக்கொண்டால் அடுத்தவர் எடுத்துக் கொடுப்பார். இங்கே ஒரு மைக், ஒரு டம்ளர் தண்ணீர், ஒரே ஒரு ஆள். அடிக்கிறவரும் அவரே, அடி வாங்குகிறவரும் அவரே! எதிரே இருக்கிறவர்கள் காசு கொடுத்து வந்திருக்கிறார்கள். சிரிப்பு வரவில்லையென்றால் கேட்கிற நிசப்தம் இருக்கிறதே, கல்யாண வீட்டில் சாப்பாடு தீர்ந்துபோனால் கூட அப்படி இருக்காது.

ரொமேஷ் பிறந்தது 1978-ல், கிராலி என்கிற ஊரில். லண்டனுக்குத் தெற்கே, கேட்விக் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம், லண்டனின் ஜன நெரிசலைக் குறைக்கவென்று திட்டம் போட்டு வளர்த்த புது நகரங்களில் ஒன்று. நம்ம ஊர் ஹவுசிங் போர்டு காலனியை நூறால் பெருக்கிக்கொள்ளுங்கள். பெற்றோர் இலங்கைத் தமிழர்கள். 1983 கலவரத்துக்கு ரொம்ப முன்பே படிப்பு, வேலை என்று இங்கிலாந்து போய்ச் சேர்ந்தவர்கள். அப்பாவை நண்பர்கள் கூப்பிடுவது 'ரங்கா'. அம்மா சாந்தி. இந்த அம்மாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையில் பாதி இவருடையது.

ஒன்பது வயதில் ஒரு விடுமுறை முகாமில் நடந்த போட்டியில் பையன் மேடையேறி, ஜோக் புத்தகத்திலிருந்து உருப்போட்டு வந்த ஜோக்குகளைச் சொன்னானாம். அதுதான் அரங்கேற்றம். அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கும் மேல் இடைவேளை!

அந்த இடைவேளையில் நடந்ததுதான் விஷயமே.

நல்ல வசதியான வீடு. பீஸ் கட்டிப் படிக்கிற ரைகேட் கிராமர் ஸ்கூலில் பையனைச் சேர்த்திருந்தார்கள். திடீரென்று எல்லாம் சரிந்தது. அப்பாவுக்குப் பணச் சிக்கல், அதற்கு மேல் மோசடி வழக்கு, ஜெயில் தண்டனை. பையனுக்கு அப்போது பதின்மூன்று வயதுகூட ஆகியிருக்கவில்லை என்று நினைக்கிறேன். வீடு போயிற்று. பீஸ் கட்ட வழியில்லாமல் பெரிய ஸ்கூல் போயிற்று. அம்மாவும் பிள்ளைகளும் கொஞ்ச காலம் ஒரு லாட்ஜ் மாதிரியான இடத்தில் தங்கி, அப்புறம் முனிசிபாலிட்டி ஒதுக்கிக் கொடுத்த வீட்டுக்குப் போனார்கள். சாந்தியம்மா கிடைத்த வேலையெல்லாம் செய்தார். பையன் கிராலியில் ஹேஸல்விக் என்ற அரசுப் பள்ளியில் சேர்ந்தான்.

இப்போது ஒரு நிமிஷம் உங்கள் வீட்டையே நினைத்துப் பாருங்கள். இப்படி ஒன்று நடந்தால் என்ன செய்வோம்? ஜன்னலைச் சாத்துவோம். 'அப்பா எங்கே?' என்று யாராவது கேட்டால் 'டூர் போயிருக்கார்' என்போம். கல்யாணம் காட்சிக்குப் போகமாட்டோம். 'நாலு பேருக்குத் தெரிஞ்சா என்ன நினைப்பாங்க?' இந்த நாலு பேர் யாரென்று இதுவரை ஒருத்தரும் கண்டுபிடித்ததில்லை. ஆனால் தமிழ்க் குடும்பங்களை ஆட்சி செய்வது அந்த நாலு பேர்தான்; யாழ்ப்பாணமானாலும் சரி, மாம்பலமானாலும் சரி.

ரொமேஷ் பிற்காலத்தில் என்ன செய்தார் தெரியுமா? அந்த நாலு பேரையும் டிக்கெட் வாங்க வைத்து, முன் வரிசையில் உட்கார வைத்து, அத்தனையையும் சொல்லிவிட்டார்! அப்பா ஜெயிலுக்குப் போனது, வீடு போனது, ஒரு கண் சரியாக ஒத்துழைக்காதது, தன் உடம்பு, தன் சோம்பல், ஒன்று பாக்கியில்லை. 2018-ல் எழுதிய சுயசரிதையிலும் அப்படியே. படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே, 'ஐயோ, இதையெல்லாமா வெளியே சொல்லுவது?' என்று வயிற்றைக் கலக்கவும் செய்தது. அவர் வீட்டு ரகசியத்துக்கு என் வயிறு ஏன் கலங்க வேண்டும்? கேட்டால் பதில் இல்லை. வளர்ப்பு அப்படி.

படித்து முடித்து, தான் படித்த அதே ஹேஸல்விக் பள்ளிக்கே கணக்கு வாத்தியாராகத் திரும்பினார். அங்கே நாடகம் சொல்லிக் கொடுத்த ஆசிரியையைக் காதலித்துக் கல்யாணமும் செய்துகொண்டார். நடுவில் 'ராப்' பைத்தியம் வேறு. சொந்தமாகக் கட்டிப் பாடுகிற போட்டி ஒன்றில் இறுதிச் சுற்று வரை போயிருக்கிறார். அதற்கு அவர் வைத்துக்கொண்ட மேடைப் பெயர் என்ன தெரியுமா? 'ரங்கா'! அப்பாவின் பெயர்.

மேடைக்கு அவரைத் தயார் செய்தது அந்த வகுப்பறைதான் என்பது என் கட்சி. யோசித்துப் பாருங்கள். காமெடி கிளப்பில் இருக்கிறவர்கள் சிரிக்க வேண்டும் என்று வந்தவர்கள். வகுப்பில் இருக்கிற முப்பது பேரும் எப்போது மணியடிக்கும் என்று காத்திருப்பவர்கள். மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம், இருபடிச் சமன்பாட்டை வைத்துக்கொண்டு பதினான்கு வயசுப் பிள்ளைகளைத் தூங்காமல் பார்த்துக்கொள்கிறவனுக்கு, பீர் குடித்துவிட்டு நடுவில் குரல் கொடுக்கிற குடிகாரன் எம்மாத்திரம்?

2010 வாக்கில் மேடையேற ஆரம்பித்தார். முப்பது வயது தாண்டியாயிற்று. அங்கே புதுசாக வருகிறவருக்கு ஐந்து நிமிஷம் தருவார்கள். சம்பளம் கிடையாது. கார் பெட்ரோல், சாண்ட்விச் எல்லாம் சொந்தச் செலவு. இருநூறு மைல் ஓட்டிக்கொண்டு போய், ஐந்து நிமிஷம் பேசி, ராத்திரி இரண்டு மணிக்கு வீட்டுக்கு வந்து, காலையில் வகுப்புக்குப் போக வேண்டும். அடுத்த வருஷமே, 2011-ல், அப்பா காலமானார். கடைசிக் காலத்தில் அவர் ஒரு பப் நடத்திக்கொண்டிருந்தார். மகன் டி.வி.யில் வந்து பேர் வாங்கியதையோ, விருது வாங்கியதையோ அவர் பார்க்கவில்லை. ஆனால் இங்கிலீஷ்காரர்களின் வழக்கப்படி கடைசிப் பெயர்தானே முக்கியம்? அதனால் ஒவ்வொரு மேடையிலும் அறிவிப்பாளர் அடித் தொண்டையிலிருந்து முழங்குவது அப்பா பெயரைத்தான். 'ரங்கநாதன்!'

அப்புறம் ஒரு நாள், மாசச் சம்பளம் வந்துகொண்டிருந்த வாத்தியார் வேலையை விட்டார். வீட்டில் மனைவி, சின்னக் குழந்தைகள். ஏற்கனவே ஒரு தடவை பணத்தால் குடும்பம் நடுத்தெருவுக்கு வந்ததைக் கண்ணால் பார்த்தவர், மறுபடி தானாகவே அந்த ஓரத்தில் போய் நின்றார். ஆரம்ப வருஷங்களில் காசுக்கு ரொம்பத் திண்டாட்டம் என்று அவரே சொல்லியிருக்கிறார். என் மனைவியிடம் இந்தக் கட்டத்தைச் சொன்னபோது, "அவர் பெண்டாட்டி என்ன சொன்னாங்க, அதைச் சொல்லுங்க முதல்ல" என்றாள். நியாயமான கேள்வி. அந்தம்மா தடுக்கவில்லை. நாடக டீச்சர் ஆயிற்றே!

அடுத்தது எடின்பரோ. ஸ்காட்லாந்தின் தலைநகரத்தில் 1947-லிருந்து ஆகஸ்ட் மாதம் நடக்கிற பெரிய கலை விழா. அதை ஒட்டிய 'ஃபிரிஞ்ச்' விழாவில் நூற்றுக்கணக்கான காமெடியன்கள் ஒரு மாசம் தினமும் ஒரு மணி நேரம் பேசுவார்கள். நம்ம டிசம்பர் சீசன் மாதிரிதான். மத்தியான ஸ்லாட்டில் சின்னப் பையன் கல்யாணி பாடிக்கொண்டிருப்பான், ஹாலில் எட்டு பேர், கேன்டீனில் எண்பது பேர் இருப்பார்களே, அதே கதை! வித்தியாசம் என்னவென்றால், அங்கே பலரும் ஹாலுக்கு வாடகை, போஸ்டர், தங்குமிடம் என்று கைக்காசைப் போட்டுத்தான் பேசுகிறார்கள். மாசக் கடைசியில் கடனோடு ஊர் திரும்புகிறவர்கள் அதிகம். ஆனாலும் போகிறார்கள். காரணம், டி.வி.காரர்களும் பத்திரிகைக்காரர்களும் அங்கேதான் ஆள் தேடி அலைவார்கள். கூடவே ஒரு விருது. 1981-ல் ஆரம்பித்தது. பட்டியலில் பெயர் வந்தாலே போதும், போன் அடிக்க ஆரம்பித்துவிடும்.

2013-ல் புதுமுகங்களுக்கான பட்டியலில் ரொமேஷ் பெயர் வந்தது. ஜெயித்தவர் ஜான் கேர்ன்ஸ் என்ற ஒருவர். பொய்ப்பல்லும், நடு மண்டை வழுக்கையான சாமியார் விக்கும் வைத்துக்கொண்டு மேடைக்கு வருகிற ஆசாமி. சரி, போகட்டும். 2014-ல் புதுமுகப் பட்டியல் இல்லை, பெரிய விருதுக்கான பட்டியலிலேயே ரொமேஷ் பெயர்! ஜெயித்தவர்? அதே ஜான் கேர்ன்ஸ், அதே பொய்ப்பல்! அடுத்தடுத்த வருஷங்களில் இப்படி இரண்டு விருதையும் தட்டிக்கொண்டு போன முதல் ஆள் அவர்தான். இரண்டு தடவையும் பக்கத்தில் நின்று கைதட்டியவர்களில் நம்மாள் ஒருவர். சொந்த ஜாதகத்தையே ஜோக்காக்குகிற மனிதருக்கு இதைவிட நல்ல ஜாதகம் வேண்டுமா?

தோற்றாலும் போன் அடித்தது. பேனல் ஷோக்கள், பெரிய அரங்கிலிருந்து ஒளிபரப்பாகிற ஷோக்கள் என்று வரிசையாக வந்தன. தாடி, தடித்த கண்ணாடி, உலகத்தின் மேல் ஒட்டுமொத்தமாக ஒரு சலிப்பு. இதுதான் அவர் பாணி. குரலை ஏற்ற மாட்டார், துள்ளிக் குதிக்க மாட்டார். ரேஷன் கடை க்யூவில் நமக்குப் பின்னால் நிற்கிறவர் முணுமுணுப்பாரே, அந்த மாதிரி.

ஆனால் அவரைத் தூக்கி நிறுத்தியது, என் கணிப்பில், 2015-ல் பி.பி.ஸி. த்ரீயில் வந்த 'ஏஷியன் புரவகேட்டர்' தொடர்தான். விஷயம் ரொம்ப சிம்பிள். 'நீ வெளியே பிரவுன், உள்ளே வெள்ளை' என்பதற்கு அங்கே 'தேங்காய்' என்று ஒரு பட்டம் உண்டு. (நமக்குத் தேங்காய் என்றால் சட்னி, அவர்களுக்கு அது திட்டு!) மகன் தேங்காயாகிவிட்டான் என்று அம்மாவுக்குக் கவலை. வேரைத் தெரிந்துகொண்டு வா என்று இலங்கைக்கு அனுப்புகிறார். மகனுக்குத் தமிழ் தகராறு, வெயில் தகராறு, சொந்தக்காரர்கள் பெருந்தகராறு. நமக்கோ அங்கே வருகிற ஒவ்வொரு மாமாவையும் எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கும். இங்கிலீஷ்காரர்கள் சிரித்தது ரொமேஷின் திண்டாட்டத்தைப் பார்த்து. நான் சிரித்தது, அவரை எந்தச் சொந்தக்காரரும் 'டி.வி. ஸ்டார்' என்று மதிக்காமல், வேலை வெட்டியில்லாத பிள்ளையாகவே நடத்தியதைப் பார்த்து!

அதில் சாந்தியம்மா வந்து பேசுகிற காட்சிகள் சக்கைப் போடு போட்டன. அடுத்த வருஷம் இரண்டாவது தொடரில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு அமெரிக்காவே போய்விட்டார் பிள்ளை. 2018-ல் ஓர் அமெரிக்க சேனலுக்காக, குடும்பத்தோடு லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் குடிபோய், கிட்டத்தட்ட ஆறாயிரம் பேர் உட்காரும் 'கிரீக் தியேட்டர்' என்ற திறந்தவெளி அரங்கத்தை, பெயரே தெரியாத ஊரில், புக் பண்ணிவிட்டு நிரப்பத் தவித்தார். அதுவும் ஒரு தொடர். அதிலும் அம்மா ஆஜர்!

இங்கே ஒரு விஷயம் உறுத்தும். எனக்கும் உறுத்தியது. வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் அப்பா அம்மாவின் உச்சரிப்பைக் கிண்டல் பண்ணி வெள்ளைக்காரர்களைச் சிரிக்க வைப்பது ஒரு பிழைப்பாகவே இருக்கிறது. பார்க்க எனக்குப் பிடிப்பதில்லை. பெற்றவளை விற்றுக் கைதட்டல் வாங்குவது மாதிரி இருக்கும். இவரும் அதைத்தான் செய்கிறாரா என்று நாலைந்து எபிசோடை உன்னிப்பாகப் பார்த்தேன். இல்லை. ஏனென்றால் ஜெயிப்பது எப்போதும் அம்மா. மகன் நீளமாக ஒரு கிண்டல் பண்ணி முடிப்பார். அந்தம்மா கொஞ்சமும் அலட்டிக்கொள்ளாமல் ஒரே வரி சொல்லுவார். அவ்வளவுதான், மகன் காலி. அடி வாங்குகிறவர் ரொமேஷ்தான், அதுவும் மகா சந்தோஷமாக. எல்லாவற்றையும் இழந்த காலத்தில் குடும்பத்தைத் தூக்கி நிறுத்திய மனுஷி, ஊரறிய டி.வி.யில் உட்கார்ந்து பிள்ளையை அதட்டுகிறார். எந்த நாலு பேருக்குப் பயந்து ஜன்னலைச் சாத்தியிருக்க வேண்டுமோ, அந்த நாலு பேர் கைதட்டுகிறார்கள்.

அப்புறம் உலகம் சுற்ற ஆரம்பித்தார். சுவிட்ஸர்லாந்தும் பாரீசும் அல்ல. 2018-ல் ஆரம்பித்த 'மிஸ்அட்வெஞ்சர்ஸ்' தொடரில் முதலில் போனது ஹைட்டி, எத்தியோப்பியா, அல்பேனியா. டூரிஸ்டுகள் தலைவைத்துப் படுக்காத தேசங்கள். 'இங்கே என்னைக் கொன்னுடுவாங்க' என்ற முகத்தோடு இறங்குவார். உள்ளூர்க்காரர் ஒருவர் கூட்டிக்கொண்டு சுற்றுவார். கடைசியில் 'இவ்வளவு நல்ல மனுஷங்களை வைத்துக்கொண்டா இந்த ஊருக்குக் கெட்ட பெயர்?' என்று தன்னையே திட்டிக்கொள்வார். சாப்பாடுதான் பெரிய கஷ்டம். மனிதர் 'வேகன்'. இறைச்சி மட்டுமல்ல, பால், தயிர், நெய்கூடக் கிடையாது. தயிர் சாதம் சாப்பிடாத தமிழன்! இதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை.

இந்தத் தொடருக்கு 2020-ல் பாஃப்டா விருது. பாஃப்டா என்பது பிரிட்டனின் சினிமா, டி.வி. அகாடமி கொடுப்பது. அங்கே அதற்கு மேல் பரிசு கிடையாது. அடுத்த வருஷம், 2021-ல், இன்னொரு பாஃப்டா, இந்தத் தடவை நிகழ்ச்சி நடத்திய விதத்துக்காக அவருக்கே. 'ரங்கநேஷன்' என்ற ஷோ. ரங்கநாதனையும் 'நேஷனை'யும் சேர்த்து முடிச்சுப் போட்ட தலைப்பு. பொதுஜனங்களில் இருபது, இருபத்தைந்து பேரைக் கூப்பிட்டு உட்கார வைத்து நாட்டு நடப்பைப் பேசுவார். நம்ம ஊர் அரட்டை அரங்கத்தில் கண்ணீரைக் கழித்துவிட்டு, கிண்டலைக் கூட்டிக்கொள்ளுங்கள். அந்தக் கூட்டத்தில் யார் யார்? சாந்தியம்மா இல்லாமலா! 2020-ல் கொரோனா வந்து ஸ்டுடியோவெல்லாம் பூட்டியபோது, தன் வீட்டு கார் ஷெட்டில் உட்கார்ந்து, மற்றவர்களை அவரவர் வீட்டிலிருந்து வீடியோவில் வரவழைத்து நடத்தினார். எடின்பரோவில் இரண்டு தடவை பொய்ப்பல்லிடம் தோற்றதற்கு வட்டியும் முதலுமாக வசூல்!

அதற்கப்புறம் டி.வி.யைத் திருப்பினால் அவர்தான். 2021 கடைசியில் 'வீக்கஸ்ட் லிங்க்' என்ற பழைய வினாடி வினா மறுபடி வந்தபோது நாற்காலி இவருக்கு. 2000 முதல் 2012 வரை ஆன் ராபின்சன் என்ற அம்மணி, பதில் தெரியாதவர்களைப் பார்வையாலேயே பொசுக்கி அனுப்பிய நிகழ்ச்சி அது. ரொமேஷிடம் அந்த நெருப்பு இல்லை. போகிறவரைப் பார்த்து அவருக்கே பாவமாக இருக்கிறது. வாத்தியார் புத்தி! என்னைக் கேட்டால் இந்த மாதிரி ஷோவெல்லாம் அவருக்குக் கட்டுப்படியாகிற வேலை, அவ்வளவுதான். எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற ரொமேஷைவிட, சொந்தக் கதையைச் சொல்கிற ரொமேஷ் பத்து மடங்கு உசத்தி. 2023-ல் பாஃப்டா டி.வி. விருது விழாவையே நண்பர் ராப் பெக்கெட்டோடு சேர்ந்து தொகுத்து வழங்கினார். 2024-ல் பி.பி.ஸி. ரேடியோ டூவில் சனிக்கிழமை நிகழ்ச்சியும் வந்தது. இவ்வளவு வேலை எதற்கு என்று கேட்கலாம். பதின்மூன்று வயதுக்குள் வீடு பறிபோவதைப் பார்த்தவரிடம் அதைக் கேட்க எனக்குத் தைரியமில்லை.

சிரிக்க வைக்கிறவர்களுக்குள்ளே ஓர் அழுகை இருக்கும் என்பது பழைய சினிமா வசனம். எனக்கு அதில் நம்பிக்கை கிடையாது. அழுகை எல்லாருக்குள்ளும்தான் இருக்கிறது, இன்கம்டாக்ஸ் ஆபீசர் உள்பட. ஆனால் இவர் தன் மனச்சோர்வைப் பற்றி மறைக்காமல் பேசுகிறவர். சின்ன வயசிலிருந்தே அது கூட வருகிறது என்று சொல்லியிருக்கிறார். 2024-ல் லண்டன் மாரத்தான் ஓடினார். இருபத்தாறு மைல்! தற்கொலை எண்ணத்தோடு தவிக்கிறவர்களுக்குக் கைகொடுக்கிற ஓர் அமைப்புக்காக. உடற்பயிற்சியைக் கிண்டல் பண்ணியே பாதி ஜோக் எழுதியவர்.

இந்தத் தொழிலில் இன்னொரு கொடுமை உண்டு. நம்ம பட்டிமன்றப் பேச்சாளர் ஒரு மாமியார் ஜோக்கை வைத்துக்கொண்டு முப்பது வருஷம் ஓட்டலாம். ஜனங்களே 'அந்த மாமியார் ஜோக்கைச் சொல்லுங்க சார்' என்று சீட்டு எழுதி அனுப்புவார்கள். ஸ்டாண்ட்-அப்பில் அது செல்லாது. ஒன்றரை மணி நேரச் சரக்கைத் தயார் பண்ணி, ஊர் ஊராக மாசக் கணக்கில் சுற்றி, கடைசியில் ஒரு நாள் கேமரா முன்னால் பேசிவிட்டால் முடிந்தது. ரொமேஷின் அப்படி ஒரு ஷோவை 2022-ல் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்டது. வெளியான அன்றைக்கே அந்த ஜோக்குகளுக்கெல்லாம் பத்தாம் நாள் காரியம். மறுபடி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்காக எவ்வளவு பெரிய ஆளும் ஊர் ஓரத்துச் சின்ன ஹாலுக்குப் போய், கையில் துண்டுச் சீட்டோடு நின்று, எது எடுபடுகிறது, எது ஊத்திக்கொள்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொள்வார்கள். எடுபட்டதற்கு ஒரு டிக், ஊத்திக்கொண்டதற்கு ஒரு கோடு.

"பேப்பர் திருத்தற மாதிரியே இருக்கே!" என்றாள் என் மனைவி.